வண்ணத்துக்கு முன்: பழைய தூண்டில் ரீல்களைச் சீரமைக்கும் கலை

தூண்டில் கழியில் பொருத்தப்பட்டு, மீன்பிடிப்போர் நரம்பு என்று அழைக்கும் நைலான் இழையைச் சுற்றி வைத்திருந்து, எறியும்போது அதைத் தடையின்றி விடுவதும், மீன் சிக்கியபின் சீராகத் திரும்பச் சுற்றுவதுமாகிய இரு வேலைகளையும் செய்யும் சிறு இயந்திரமே ரீல் ஆகும். ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் உலோகத்தில் வார்க்கப்பட்ட ரீல்கள், வண்ணம் உரிந்தும் கைப்பிடி இறுகியும், சில வீடுகளின் பரண்களிலும் பழைய சாமான் கடைகளிலும் இன்றும் கிடைக்கின்றன. அவற்றைக் கையில் எடுப்போருக்கு முதலில் தோன்றுவது, ஒரு ஸ்ப்ரே டப்பாவை வாங்கி மேலாக அடித்துவிடலாம் என்பதே. அவ்வாறு பெறப்படும் பளபளப்பு நெடுநாள் நிற்பதில்லை. ரீலுக்கு வண்ணம் என்பது அழகுக்கு முன்னதாக ஒரு காப்பு என்பதையும், அந்தக் காப்பின் ஆயுளை வண்ணத்துக்கு முன் செய்யப்படும் வேலையே முடிவு செய்கிறது என்பதையும் உணர்ந்தவர்களே இந்தப் பணியில் நல்ல பலன் காண்கிறார்கள்.

திருச்சிராப்பள்ளியைப் போல் இந்தப் பொழுதுபோக்குக்கு ஏற்ற ஊர்கள் தமிழகத்தில் குறைவு எனலாம். காவிரியும் கொள்ளிடமும் பிரியும் முக்கொம்பு ஒரு பக்கமும், கல்லணை மறுபக்கமும் இருக்க, எடமலைப்பட்டி புதூரை ஒட்டிக் கோரையாறு ஓடுகிறது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறக்கப்பட்டுக் காவிரியில் புதுநீர் வந்துவிட்டால், ஜிலேபி, கெண்டை, ரோகு, விரால் ஆகியவற்றை நாடி மூங்கில் கழியும் தக்கையுமாகக் கரையில் அமர்வோர் பலர். தொலைவில் எறிய வேண்டிய அகன்ற நீர்ப்பரப்பில்தான் ரீல் இன்றியமையாததாகிறது. இதற்கும் மேலாக, நாகப்பட்டினத்திலிருந்து மாற்றப்பட்டு 1928இல் நிறுவப்பட்ட பொன்மலை ரயில்வே பணிமனையும், 1960களில் வந்த பெல் தொழிற்சாலையும், அவற்றைச் சார்ந்து வளர்ந்த சிறு பட்டறைகளும் உலோக வேலையை இந்த ஊரின் அன்றாடப் பேச்சாக்கியிருக்கின்றன. ரீலின் உதிரி பாகம் சந்தையில் கிடைக்காதபோது, தேய்ந்த பித்தளைப் புஷ் ஒன்றை, அதாவது அச்சு சுழல்வதற்கான உட்குழாயை, அளவெடுத்துக் கடைந்து தருவதற்கு ஒரு லேத் பட்டறை அருகிலேயே இருப்பது பிற ஊர்க்காரர்களுக்கு எளிதில் வாய்க்காத வசதியாகும்.

ரீலின் வரலாறு நீண்டது. சீன ஓவியர் மா யுவான் 1195ஆம் ஆண்டளவில் வரைந்ததாகக் கருதப்படும் ஓவியத்தில், படகில் அமர்ந்திருக்கும் மீனவரின் கழியில் ஒரு சிறு சக்கரம் காணப்படுகிறது. இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் ஸ்பின்னிங் ரீலுக்கு, அதாவது நரம்பு சுற்றிய ஸ்பூல் சுழலாமல் நிற்க ஒரு கம்பி அதைச் சுற்றிவந்து நரம்பைச் சேர்க்கும் வகைக்கு, முன்னோடியான ஒன்றை 1905இல் காப்புரிமை செய்தவர் நெசவாலைத் தொழிலைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் என்ற ஆங்கிலேயர். நூற்கதிரின் நுனியிலிருந்து நூல் எளிதாக உருவி வருவதைக் கண்டு பழகிய கண்ணுக்கே அந்த அமைப்பு தோன்றியிருக்க வேண்டும். பின்னர் உலகெங்கும் பரவிய மிட்செல் ரீல்களைச் செய்த கார்பனோ அண்ட் பொன்ஸ் நிறுவனம், கடிகாரத் தொழிலுக்குப் பேர்பெற்ற க்ளூஸ் என்ற பிரெஞ்சு ஊரைச் சேர்ந்தது. 1921இல் ஸ்வீடனில் தொடங்கிய ஆபு நிறுவனமோ முதலில் சட்டைப்பைக் கடிகாரங்களையும் டாக்சி மீட்டர்களையும் செய்துவந்தது. பழைய ரீல்களை வீட்டிலேயே பிரித்துப் பூட்ட முடிவதற்கான காரணம் இந்த வரலாற்றில் இருக்கிறது: அவற்றை வடிவமைத்தவர்கள், திருகாணியால் பூட்டப்படும் ஒவ்வொன்றும் ஒருநாள் கழற்றப்படும் என்று எண்ணிச் செய்த கடிகாரக்காரர்கள்.

தமிழ்நாட்டிலும் ரீல் நெடுங்காலமாக அறியப்பட்டதே. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவது குறித்த தம் நூலை 1873இல் வெளியிட்டார். அதில் முதலிடம் பெற்றது மாசீர் என்னும் பெருங்கெண்டை. காவிரியின் துணையாறான கபினியில் 1946இல் வான் இங்கன் என்பவர் பிடித்த மாசீர் 120 பவுண்டு எடை இருந்தது. காவிரிப் படுகைக்கே உரிய அந்தத் திமில் மாசீர், 2018இல் அறிவியல் பெயர் உறுதிசெய்யப்பட்டு, மிக அபாய நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அத்தகைய மீனோடு போராடுவதற்காகச் செய்யப்பட்ட கனமான பித்தளை ரீல் ஒன்று இன்று யாருக்கேனும் கிடைக்குமாயின், அதன்மேல் வண்ணம் பூசுவது பெரும் பிழையாகும்.

ஆகவே, முதல் கேள்வி எந்த வண்ணம் என்பதன்று. வண்ணம் வேண்டுமா என்பதே. 1891 முதல் விற்பனைக்கு வந்த ஹார்டி நிறுவனத்தின் பெர்ஃபெக்ட் போன்ற ரீல்களில் ஈய நிறத்தில் கருத்திருக்கும் மேற்பரப்பு அவற்றின் காலத்துக்கான சான்று. அதைச் சுரண்டியெடுத்துவிட்டால் சேகரிப்பாளர் தரும் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். நம் வீடுகளில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கும் வழக்கத்தை அப்படியே பழைய பித்தளை ரீலின்மேல் காட்டுவதும் இதே காரணத்தால் தவறாகிறது. புளியின் அமிலம் பல ஆண்டுகளில் படிந்த நிறத்தைச் சில நிமிடங்களில் போக்கிவிடுவதோடு, இடுக்குகளில் தங்கி எஃகுத் திருகாணிகளையும் அரிக்கும். சிவப்பு நிறத்தால் அறியப்பட்ட ஆபுவின் அம்பாசடர் ரீல்களில் இருப்பது வண்ணமே அன்று. அமிலக் கரைசலில் மின்சாரம் செலுத்தி அலுமினியத்தின் மேலேயே வளர்க்கப்பட்ட ஆக்சைடு படலத்தில் சாயம் ஏற்றிய அனோடைசிங் என்னும் முறை அது. அதில் விழுந்த கீறலை ஸ்ப்ரே வண்ணத்தால் மறைக்க முயன்றால் ஒட்டுப் போட்டதுபோல் தெரியுமேயன்றிச் சீராகாது. அலுமினியத்தில் வார்த்து எனாமல் பூசிச் சூளையில் சுட்ட சாதாரண ரீல்கள்தான், விலைமதிப்பு குறைவாகவும் பயன் மிகுதியாகவும் உள்ளவை என்பதால், மறுவண்ணத்துக்கு உரியவை.

பிரிக்கும் வேலையில் அவசரம் கூடாது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, கழற்றிய வரிசையிலேயே முட்டை அட்டையின் குழிகளில் இட்டுவைத்தால், மெல்லிய வாஷர் ஒன்று எந்தப் பக்கத்துக்கு உரியது என்ற குழப்பம் பின்னர் எழாது. அலுமினிய உடலில் எஃகுத் திருகாணி இறுகிக் கிடப்பது, குறிப்பாகக் கடற்கரையில் பயன்பட்ட ரீல்களில், மிகப் பொதுவான இடர்; இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருக்கும்போது மின்வேதி வினையால் அலுமினியம் அரிபட்டு, வெண்பொடியாகித் திருகாணியைக் கவ்விக்கொள்கிறது. ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓரிரவு வைத்திருந்து, சால்டரிங் அயர்னின் நுனியால் திருகாணியின் தலையைச் சூடாக்கி, பள்ளத்தில் அசையாமல் பொருந்தும் அளவுள்ள திருப்புளியால் மெல்லத் திருப்புவதே முறை. அளவு பொருந்தாத திருப்புளி பள்ளத்தைச் சிதைத்துவிட்டால் அதன்பின் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

உள்ளே இருக்கும் பழைய கிரீஸ் காலப்போக்கில் மெழுகாக இறுகியிருக்கும். கைப்பிடி சுழலாததற்குப் பல வேளைகளில் காரணம் துருவன்று, இந்த மெழுகே. மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் அது கரைந்துவிடும்; எளிதில் தீப்பற்றும் பெட்ரோலை வீட்டுக்குள் இதற்குப் பயன்படுத்துவது கூடவே கூடாது.

வண்ணத்தை உரிக்கும் கட்டத்தில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. வீட்டுப் பயன்பாட்டுப் பெயின்ட்களில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படாமல் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2016இல்தான் வகுக்கப்பட்டது. ஆதலால் பழைய ரீலின் வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்றே கொண்டு, உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்காமல், நீரில் நனைத்துத் தேய்க்கும் தாளைக் கொண்டு ஈரமாகவே தேய்த்து, அந்தக் கசடைக் குழந்தைகள் புழங்கும் இடத்தில் விடாமல் அப்புறப்படுத்த வேண்டும். அடைப்பு நீக்கவும் சோப்புச் செய்யவும் வாங்கப்படும் காஸ்டிக் சோடா வண்ணத்தை நன்றாக உரிக்கும் என்று கேள்விப்பட்டு அலுமினிய உடலை அதில் போடுவது இரண்டாவது ஆபத்து. அது அலுமினியத்தையே கரைத்து, எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும்.

அலுமினியத்தின் தனிப்பண்பு ஒன்றை இங்கே விளக்குவது அவசியம். தேய்த்துத் தூய்மையாக்கிய அதன் பரப்பில், காற்றுபட்ட கணமே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உருவாகத் தொடங்குகிறது. சாதாரண எனாமல் இந்தப் பரப்பைப் போதுமான அளவு பற்றுவதில்லை. அதனால்தான் எட்ச் பிரைமர் என்ற, சிறிதளவு பாஸ்பாரிக் அமிலம் கலந்த அடிப்பூச்சு தேவைப்படுகிறது. பரப்பை லேசாகக் கடித்துப் பிடித்துக்கொண்டு, மேலே வரும் வண்ணத்துக்கு அது இடம் தருகிறது. கார்களுக்கு வண்ணம் தீட்டும் பட்டறைகளுக்குப் பெயின்ட் விற்கும் கடைகளில் இதைக் கேட்டுப் பெறலாம். முதலில் 320, பிறகு 400 எண் தாளால் தேய்த்து, சோப்பு நீரில் கழுவி, பரப்பின்மேல் தூய நீரை ஊற்றிப் பார்க்க வேண்டும்: நீர் உடையாமல் ஒரே படலமாகப் படர்ந்து நின்றால் எண்ணெய்ப் பசை போய்விட்டது என்று பொருள், ஓரிடத்தில் விலகி முத்துமுத்தாகத் திரண்டால் அங்கே பசை எஞ்சியிருக்கிறது. எந்தக் கருவியும் வேண்டாத இந்தச் சோதனையில் தேறாத ரீலில் எத்தனை உயர்ந்த பெயின்டும் நிற்காது. தேறியபின் உலர்த்தி, விரல் படாமல், அன்றே பிரைமரை அடித்துவிட வேண்டும்.

வண்ணம் படக்கூடாத இடங்களை மாஸ்கிங் டேப்பால் மூடுவதற்கு, வண்ணம் அடிப்பதைவிட அதிக நேரம் செல்லும், செல்லவும் வேண்டும். ஒரு பூச்சு ஏறத்தாழ 25 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு, தடிமன் கொண்டது எனக் கொண்டால், மூன்று பூச்சு விழுந்த துளையின் விட்டம் இருபுறமும் சேர்த்து 0.15 மில்லிமீட்டர் குறைந்துவிடும். பேரிங் அமரும் குழியில் அந்த அளவு ஏறினால் பேரிங் உள்ளே செல்லாது. தட்டி ஏற்றினாலோ இறுகித் தேயும். அச்சுத் துளைகள், மூடியும் உடலும் சேரும் முகங்கள், திருகாணி மரைகள் ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

திருச்சியின் வானிலை இந்த வேலையில் ஒரு பங்காளியாகவே நடந்துகொள்கிறது. சித்திரை, வைகாசி நண்பகலில் வெப்பம் 40 டிகிரியை எட்டும்போது ஸ்ப்ரேயின் துளிகள் பரப்பை அடையுமுன்பே தின்னர் ஆவியாகி, வண்ணம் மாவுபோல் சொரசொரப்பாகப் படியும். ஆடிக் காற்றில் மொட்டைமாடியில் அடித்தால் தூசி முழுவதும் ஈரப் பூச்சில் வந்து ஒட்டும். வடகிழக்குப் பருவமழையின்போது லேக்கர் வகைப் பெயின்ட் வெளிறிப் பால்போல் மங்கும், ஏனெனில் தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிகிறது. தை முதல் பங்குனி வரையிலான காலைப் பொழுது, பனி விலகி வெயில் ஏறுவதற்கு இடைப்பட்ட நேரம், இந்த ஊரில் மிகவும் உகந்தது. ஒரே தடவையில் கனமாக அடித்து வழியவிடாமல், மெல்லிய பூச்சுகளாக இடைவெளி விட்டு அடித்து, தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தபின் சில நாட்கள் நிழலில் இறுகவிட வேண்டும். கெட்டிப்படுத்தும் திரவம் கலந்து அடிக்கும் டூ-கே வகைப் பெயின்ட் மிக உறுதியானது என்றாலும், அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும் தன்மையுடையதாதலால், உரிய காற்றுக் கவசமுள்ள பட்டறைக்கே அதை விட்டுவிடுவது நல்லது. சமையல் அடுப்பிலோ உணவு சூடாக்கும் ஓவனிலோ வண்ணத்தைச் சுடுவதும் தவிர்க்கப்பட வேண்டியதே.

நிறுவனத்தின் பெயரும் எண்ணும் புடைப்பெழுத்தாக வார்க்கப்பட்டிருந்தால், முழு உடலுக்கும் அடித்தபின் எழுத்தின் மேற்பகுதியை மட்டும் கட்டையில் சுற்றிய 1000 எண் தாளால் மெல்லத் தேய்த்து உலோகத்தை வெளிக்காட்டலாம். ஒட்டுத்தாளாக இருந்தால் அந்தப் பகுதியின் பழைய வண்ணத்தை அப்படியே விட்டுவிடுவதே நேர்மையான வழி. புதிய வண்ணத்துக்கும் பழையதற்கும் இடையே தெரியும் சிறு வேறுபாடு குறையாகாது.

பூட்டும்போது பல்சக்கரங்களுக்குக் கிரீஸும், பேரிங்குகளுக்குத் தையல் இயந்திர எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெயும் போதும். கையருகே இருக்கிறதென்று தேங்காய் எண்ணெயை விடக்கூடாது, குளிரில் உறைவதோடு நாளடைவில் பிசினாகிவிடும். டிராக் எனப்படும் அமைப்பு தனிக் கவனத்துக்கு உரியது. மீன் வலுவாக இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல் ஸ்பூல் வழுக்கிச் சுழல இடம்தரும் வாஷர் அடுக்கே அது. அதில் உள்ளவை கம்பளி வாஷர்களாயின் சிறிது எண்ணெயில் நனைத்தும், நைந்திருந்தால் புதிதாக வெட்டியும் இடலாம். எல்லாம் பூட்டியபின் கழியில் பொருத்தி, நரம்பின் நுனியைத் தராசில் கட்டி இழுத்து, நரம்பு அறுபடும் எடையில் மூன்றில் ஒரு பங்கு இழுவிசைக்கு அருகில் ஸ்பூல் திக்காமல் நழுவத் தொடங்குமாறு டிராக்கைத் திருகி வைத்துக்கொள்ள வேண்டும். மீன்பிடித்துத் திரும்பியதும் நன்னீரில் லேசாகக் கழுவித் துடைத்து, வாஷர்கள் நசுங்கி ஒட்டிக்கொள்ளாதபடி அந்த டிராக் திருகைத் தளர்த்திவிட்டே ரீலை எடுத்து வைக்க வேண்டும்.