கப்பல் நின்ற பிறகும் ஆடும் தரை

பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலோ போர்ட் கிள்ளானிலோ குரூஸ் கப்பல் ஏறுவது இப்போது ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் எட்டாத கனவல்ல. மலாக்காவிலிருந்து டுமாய்க்கு ஃபெர்ரி போகிறது. அஞ்சோங் பத்து படகுத்துறையில் ஏறிப் பூலாவ் பெசாருக்குப் போய் வருகிறவர்களும் நிறைய. இறங்கிய அன்று இரவு குளியலறையில் கண்ணை மூடித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது தரை மெல்ல அசைவது போலிருக்கும். படுத்தால் கட்டில் மிதக்கும். பெரும்பாலோருக்கு இது சில மணி நேரத்தில், மிஞ்சினால் இரண்டு நாளில் அடங்கிவிடும். அதற்கு மருந்தும் வேண்டாம், பயமும் வேண்டாம்.

இரண்டு நாள் கழிந்தும் ஆட்டம் நிற்காதவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நம் முன்னோர்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றி, ஒரு வார அளவு கடலில் ஆட்டிப் பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் சிங்கப்பூரிலும் இறக்கியது. இறங்கியவர்களில் பலர் தோட்டத்துக்குப் போய் வேலையில் நின்றார்கள். கால் தடுமாறியதை யார் எழுதி வைத்தார்கள்? ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இராஸ்மஸ் டார்வின் என்ற மருத்துவர் (பரிணாமம் சொன்ன டார்வினின் தாத்தாதான்) கரையேறிய பிறகும் நீரின் அசைவு தொடர்வதைக் குறித்து வைத்தார். நாள்கணக்கில் நீடிக்கும் வகையைத் தனி நோயாக விவரித்து பிரௌன், பலோ என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் எழுதியது 1987இல். இதன் பெயர் மால் டி டெபார்க்மென்ட் சிண்ட்ரோம்; சுருக்கமாக எம்.டி.டி.எஸ். பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரிதான நோய் என்பதால், உங்கள் ஊர் கிளினிக் மருத்துவர் இதை நேரில் பார்த்திராமல் இருக்கலாம்.

காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் கண்ணும் பாதமும் தரும் செய்திகளைக் கோத்துத்தான் மூளை நம்மை நிற்க வைக்கிறது. கப்பலில் ஓரிரு நாளில் அது அலையின் தாளத்துக்குப் பழகிக்கொள்ளும். கரைக்கு வந்ததும் பழைய கணக்குக்குத் திரும்ப வேண்டும். சிலருக்கு அது திரும்புவதில்லை; நின்றுபோன கப்பலுக்காக மூளை இன்னும் ஈடுகட்டிக்கொண்டே இருக்கிறது. கப்பல் மட்டுமல்ல, நீண்ட விமானப் பயணம், பஸ், ரயில் பயணத்துக்குப் பிறகும் வரலாம். நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. ஆகவே, "வயசாயிடுச்சு, மனசுல ஏதோ கவலை" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுவது சுலபம். காற்று கருப்பு பட்டுவிட்டது என்று கயிறு கட்டுவது அதைவிடச் சுலபம். இரண்டும் நோயாளியை மருத்துவரிடமிருந்து தள்ளி வைக்கின்றன.

இந்த நோயை எந்த இயந்திரமும் காட்டாது. காது கேட்கும் திறன் பரிசோதனை, எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனை எல்லாம் பெரும்பாலும் சுத்தமாகவே வரும். நீங்கள் சொல்வதை வைத்துத்தான் மருத்துவர் கண்டுபிடிக்க வேண்டும். அங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். கிளினிக்கில் 'பெனிங்' (தலைசுற்றல்) என்ற ஒரே மலாய்ச் சொல்லோடு நிறுத்திவிடுகிறோம். மருத்துவரும் வழக்கமான தலைசுற்றல் மாத்திரையை எழுதித் தந்துவிடுகிறார். அந்த மாத்திரை இதற்குப் பெரிதாகக் கேட்பதில்லை.

சொல்ல வேண்டியவை இவைதான்: எந்தத் தேதியில் எதிலிருந்து இறங்கினேன், அதிலிருந்து எத்தனை மணி நேரத்தில் ஆட்டம் தொடங்கியது, சுற்றுகிறதா, ஆடுகிறதா, காரில் போகும்போது குறைகிறதா. உலக அளவில் சமநிலை நோய்களுக்கு வரையறை தரும் பாரானி சங்கம் 2020இல் வெளியிட்ட அளவுகோலும் இதையேதான் கேட்கிறது. பயணம் முடிந்து 48 மணி நேரத்துக்குள் தொடங்கி, நாளின் பெரும்பகுதி இருந்து, 48 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் ஆட்டம். வாகனத்தில் போகும்போது தற்காலிகமாக அடங்கும் ஆட்டம். அந்தக் கடைசிக் குறிதான் முக்கியம். கப்பலில் இருக்கும்போதே குமட்டி, இறங்கியதும் சரியாவது வேறு. படுக்கையில் புரண்டால் சில வினாடி அறையே சுற்றுவதும் வேறு. அதற்குத் தலையைத் திருப்பிச் செய்யும் எளிய சிகிச்சை உண்டு.

வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், இரட்டைப் பார்வை, திடீரென்று தாங்க முடியாத தலைவலி, நிற்கவே முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எம்.டி.டி.எஸ். என்று யோசிக்க வேண்டாம். பக்கவாதமாக இருக்கலாம். 999 கூப்பிடுங்கள்.

மற்றபடி அரசாங்கக் கிளினிக்கிலிருந்து தொடங்குவதே நல்லது. குடிமக்களுக்கு 1 ரிங்கிட். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு மலாக்கா மருத்துவமனை நிபுணரிடம் போனாலும் செலவு குறைவுதான். காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் கேட்பது உங்கள் உரிமை, சலுகையல்ல. மற்ற நோய் இல்லை என்று உறுதிசெய்ய மருத்துவர் ஸ்கேன் கேட்டால் மறுக்காதீர்கள். ஆனால் கடிதம் இல்லாமல் தனியார் மருத்துவமனைக்குப் போய் ஒன்றன்பின் ஒன்றாக ஸ்கேன் எடுத்து, எல்லாவற்றிலும் 'நார்மல்' என்று வாங்கி வருவது பணத்தைக் கடலில் கொட்டுவதற்குச் சமம். போகத்தான் வேண்டுமென்றால் கட்டண மதிப்பீட்டை முதலிலேயே எழுத்தில் கேளுங்கள்.

பலருக்கு முதல் மாதத்துக்குள் தானே குறையும். குறையாதவர்களுக்குக் குளோனசெபாம் போன்ற மாத்திரை சிறிய அளவில், அல்லது மனச்சோர்வுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் மருந்துகள் தரப்படுவதுண்டு. குளோனசெபாம் நாளடைவில் பழக்கமாகிவிடும், தூக்கம் தரும். வண்டி ஓட்டும்போது ஆட்டம் குறைகிறதே என்று அதை விழுங்கிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறுவது ஆபத்து. நெடுநாள் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்துவதும் கூடாது. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் மிங்ஜியா டாய் குழுவினர், நகரும் கோடுகளைப் பார்த்தபடி தலையைச் சாய்க்கும் பயிற்சி தந்து, 24 பேரில் 17 பேர் ஏறக்குறைய ஓராண்டு நலமாகவோ வெகுவாகத் தேறியோ இருந்ததை 2014இல் வெளியிட்டார்கள். எல்லா ஊரிலும் கிடைக்கும் சிகிச்சையல்ல அது. ஆனாலும் 'ஒன்றும் செய்ய முடியாது' என்ற சொல் சரியில்லை என்பதற்கு அது சான்று.

முகநூலிலும் பாசார் மாலாமிலும் 'நரம்புக்கு' என்று விற்கும் புட்டிகளைப் பற்றி ஒரே வரி: மூடியைத் திருகுமுன் 'MAL' என்ற எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கின்றனவா என்று பாருங்கள், இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

இனி வேலை. செம்பனைத் தோட்டத்தில் நீண்ட கழியைத் தூக்கிக் குலையைக் குறிபார்த்து அண்ணாந்து நிற்பவருக்குக் காலடி ஆடினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மண்டோரிடம் அன்றே சொல்லித் தரை வேலை கேளுங்கள். நிற்கவே முடியாவிட்டால் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) எடுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் சம்பள வரம்பு பார்க்காமல் தீபகற்ப மலேசியாவின் தனியார் துறைத் தொழிலாளர் எல்லாரையும் தழுவுகிறது. சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு, பணி 2 ஆண்டுக்குக் குறைவானால் ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் 60 நாள் தனி.

இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாளி நியமித்த மருத்துவர் இருந்தால் முதலில் அவரிடமே போக வேண்டும். அவர் இல்லை, அல்லது நியாயமான நேரத்திலும் தூரத்திலும் கிடைக்கவில்லை என்றால் மற்ற மருத்துவரின் எம்.சி. செல்லும். இரண்டாவது, விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தி அனுப்பினால் அழிக்காதீர்கள். அனுமதியோ தகுந்த காரணமோ இல்லாமல், சொல்லாமல், தொடர்ந்து 2 வேலை நாளுக்கு மேல் வராவிட்டால் ஒப்பந்தத்தை மீறியதாகக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

விடுப்புச் சம்பளத்தைப் பிடித்தால் தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம். நியாயமின்றி வேலையிலிருந்து நீக்கினால் 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறையில் மனு கொடுக்க வேண்டும். பேசிப் பார்ப்போம், பண்டிகை கழியட்டும் என்று 61ஆம் நாள் போனால் கதவு மூடியிருக்கும். நோய் நெடுங்காலம் நீடித்து, குணமாகும் வாய்ப்பில்லை என்றும் வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஈட்ட முடியாது என்றும் ஆகிவிட்டால், 60 வயதுக்குட்பட்ட சந்தாதாரர் சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு அமைப்பு) இயலாமைத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே மருத்துவ வாரியம் பார்ப்பது காகிதங்களைத்தான். ஆகவே முதல் நாளிலிருந்தே கிளினிக் அட்டை, பரிந்துரைக் கடிதம், எம்.சி. நகல் அத்தனையையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். கப்பல் டிக்கெட்டையும் சேர்த்து.