நிலவறையில் கிடந்த பாரவூர்தி

புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் பலரின் நிலவறைகளில் பிள்ளைகளின் பழைய விளையாட்டுப் பொருட்கள் பெட்டிகளுக்குள் கிடக்கின்றன. "இனி ஓடாது" என்று அவற்றைக் குப்பையிற் போடுவதற்கு முன்னர் ஒரு தடவை திறந்து பாருங்கள் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

எமது வீட்டில் அவ்வாறு கிடந்தது, வானொலி அலையினால் இயக்கப்படும் ஒரு சிறு பாரவூர்தி. யப்பானின் தமியா நிறுவனம் 1986 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிளாக்ஃபுட்' என்னும் வகை அது. உண்மை வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவுடையது. 1992 இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழம்பொருட் சந்தையில் எட்டு வயது மகனுக்காக வாங்கினேன். வண்டிக்குரிய பற்றரியும் மின்னேற்றியும் அதனுடன் இருக்கவில்லை. அவற்றின் விலையோ வண்டியின் விலையிலும் கூடுதலாக இருந்தது. உணவகத்தில் கோப்பை கழுவிச் சேர்த்த பணம், ஊரிலிருந்த தம்பியை வெளியே எடுப்பதற்குத் தேவைப்பட்டது. "அடுத்த மாதம் வாங்கித் தாறன்" என்றேன். அந்த மாதம் வரவேயில்லை. மகன் சில காலம் கேட்டான். பின்னர் கேட்பதை நிறுத்திவிட்டான்.

அண்மையில் அவனுடைய ஒன்பது வயது மகள் அதனைக் கண்டெடுத்து, "அப்பப்பா, இது ஓடுமோ?" எனக் கேட்டாள். நாம் இருவரும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதனுடன் அமர்ந்தோம்.

முதலில் மின்சாரம்

பழைய கருவி எதுவாயினும் மின்சாரம் வரும் வழியையே முதலில் சோதிக்க வேண்டும். கையில் வைத்து இயக்கும் அனுப்பியின் மூடியைத் திறந்தபோது, எட்டுச் சிறு பற்றரிகளும் கசிந்து தகடுகளில் வெண்மையும் பச்சையுமாகப் படிந்திருந்தன. அவற்றை இட்டவன் மகன். அனுப்பியை ஒரு கையிற் பிடித்து, மறு கையால் வண்டியைத் தள்ளி, அது தானாக ஓடுவதாகப் பாவனை செய்து விளையாடுவான்.

காரப் பற்றரிகளிலிருந்து கசிவது பொற்றாசியம் ஐதரொட்சைட்டு. அது தோலை அரிக்கும், கையுறை அவசியம். அமிலம் அதன் வீரியத்தைப் போக்கும். ஆகவே தேசிக்காய்ச் சாற்றில் தோய்த்த பஞ்சினால் தகடுகளைத் துடைத்து, பின்னர் ஈரத்துணியால் துடைத்து, நன்கு உலரவிட்டோம். புதிய பற்றரிகளை இட்டதும் அனுப்பியின் விளக்கு எரிந்தது.

வண்டிக்கு 7.2 வோல்ற்று பற்றரி தேவை. அக்காலத்தில் பயன்பட்டது நிக்கல்-கட்மியம் வகை. கட்மியம் நச்சு உலோகம். அவ்வகைப் பழைய பற்றரி வீட்டில் இருப்பின் குப்பையிற் போடாது சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். நாம் அதே அளவுள்ள நிக்கல்-உலோக ஐதரைட்டு வகையை அதற்குரிய மின்னேற்றியுடன் வாங்கினோம். லிதியம் வகை பழைய வண்டிகளுக்கு உகந்ததன்று. மின்னழுத்தம் அளவுக்கு மீறிக் குறையும்போது துண்டித்துவிடும் அமைப்பு அவற்றில் இல்லை. அவ்வாறு கெட்டுப்போன லிதியம் பற்றரியை மீண்டும் மின்னேற்றும்போது தீப்பற்றவும் கூடும்.

பற்றரிக்கு மின்னேறும் வரை பேத்திக்கு ஊர்க் கதை சொன்னேன். 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கிய பின்னர், வடக்கின் மீதான பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடங்கியிருந்தது. எமது மக்கள் சைக்கிளை நிறுத்திவைத்து, மிதியைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். "அப்ப உங்கட அப்பாவுக்கும் பற்றரி கிடைக்கேல்லை, ஊரில இருந்த ஆக்களுக்கும் கிடைக்கேல்லை" என்றேன். அவள் நெடுநேரம் யோசித்தாள்.

பின்னர் பற்சில்லுகள்

சில்லுகள் கையாற் சுற்றவும் இறுகி நின்றன. பழைய கிறீஸ் மெழுகுபோல உறைந்திருந்ததே காரணம். யப்பானியத் திருகாணிகளின் தலையிலுள்ள சிலுவை வெட்டு, இங்குள்ளவற்றினின்றும் சற்று வேறானது. பொருந்தாத திருப்புளி வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். உரிய திருப்புளியால் மெதுவாகத் திறந்தோம். உலோகப் பற்சில்லுகளை மண்ணெண்ணெயிலும், பிளாஸ்ரிக் பாகங்களைச் சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டு நீரிலும் பழைய பல் தூரிகையால் கழுவினோம். தின்னர் போன்றவை பிளாஸ்ரிக்கை உருக்கும். கழற்றிய ஒவ்வொரு துண்டையும் பேத்தி கொப்பியில் வரைந்து இலக்கமிட்டாள். மீண்டும் பூட்டும்போது அந்தக் கொப்பியே எமக்கு வழிகாட்டியது.

இறுதியில் ஒரு சிறு கம்பி

சில்லுகள் நிலத்திற் படாதவாறு வண்டியைப் புத்தகங்களின் மேல் வைத்து, முதலில் அனுப்பியையும் பின்னர் வண்டியையும் இயக்கினோம். நிறுத்தும்போது முதலில் வண்டி, பின்னர் அனுப்பி. இவ்வொழுங்கு மாறினால் வண்டி கட்டுப்பாடின்றிப் பாயக்கூடும்.

மோட்டோர் சுழன்றது. ஆனால் அது சுழன்றவுடன் முன்சில்லுகள் நடுங்கத் தொடங்கின. மோட்டோரின் உள்ளே எழும் தீப்பொறி வானொலி அலையைக் குழப்பும். அதனைத் தடுக்கவே மோட்டோரில் சிறு கொள்ளளவிகள் ஒட்டப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றின் கம்பி முறிந்திருந்தது. ஈயம் உருக்கி ஒட்டியதும் நடுக்கம் நின்றது.

ரயர்களில் மெல்லிய வெடிப்புகள் உண்டு. அவற்றை மாற்றவில்லை. இவ்வகை வண்டியைத் தமியா 2016 இல் மீண்டும் வெளியிட்டதனால், விரும்புவோர் புதிய பாகங்கள் பலவற்றைத் தேடிப் பெறலாம்.

மூன்றாம் ஞாயிறு மாலை, மகளை அழைத்துச் செல்ல மகன் வந்தான். வாகனத் தரிப்பிடத்தில் வண்டி ஓடுவதைக் கண்டு அப்படியே நின்றான். பேத்தி அனுப்பியை அவனிடம் நீட்டினாள். அவன் வண்டியை மதில்வரை ஓட்டித் திருப்பி, என் காலடியில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"பற்றரி எவ்வளவு நேரம் நிக்கும், அப்பா?" என்றான்.

"இருபது நிமிசம் வரும்" என்றேன்.

இருட்டும் வரை அவர்கள் இருவரும் உள்ளே வரவில்லை. உங்கள் நிலவறையிலும் இப்படியொரு பெட்டி இருக்கலாம். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தித் திறந்து பாருங்கள்.