அழுகையின் காரணம்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினாலும் அழுகை பிறக்கும் என்று வகுத்தார். இதனைப் பல்லாண்டு மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லி வந்த யான், என் இல்லத்திலே எழுந்த அழுகையின் காரணத்தை அறியாதிருந்தேன்.

என் மகள் தலைப்பிள்ளையோடு கட்டுகஸ்தோட்டையிலுள்ள எம் வீட்டில் இருந்தாள். காயமும் பத்தியக்கறியும் குறைவற நடந்தன, குழந்தைக்கும் நோயில்லை. எனினும் 31ஆம் நாள் துடக்குக் கழிந்த பின்னும் அவள் கண்ணீர் ஓயவில்லை. குழந்தை உறங்கும்போதும் அவள் உறங்காள்; உணவை வெறுத்தாள். "நான் நல்ல தாயில்லை, அப்பா" என்று பன்முறை சொன்னாள். வந்தோர் அனைவரும் குழந்தையை விசாரித்தனர். தாயை விசாரித்தார் ஒருவருமிலர். யானோ, "அழுதால் பால் வற்றும்" என்று கடிந்தேன். அச்சொல்லை நினைக்குந்தோறும் இன்றும் நாணுகின்றேன்.

குழந்தையைப் பார்க்க வந்த குடும்பநல உத்தியோகத்தரே முதன்முதல் அவளை நோக்கி, "உங்களுக்கு எப்படி இருக்குது, தங்கச்சி?" என்று கேட்டார். பின்னர் அவளோடு தனித்திருந்து பத்து வினாக்களை வினவினார். 1987ஆம் ஆண்டில் கொக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி என்னும் மூவர் வெளியிட்ட எடின்பரோ அளவுகோல் அது. கடந்த 7 நாள்களின் மனநிலையை அது ஆராய்வது. தனக்குத் தானே தீங்கிழைக்கும் எண்ணம் உண்டோ என்பது அதன் இறுதி வினா. அதற்கு விடை கூறாது விம்மியதாகப் பின்னாளில் என் மகளே சொன்னாள். அன்றே வைத்தியரிடம் சென்றோம்.

பிள்ளைப்பேற்றை அடுத்துச் சில நாள் மனங்கலங்குதல் பலர்க்கும் இயல்பு; இரண்டு வாரத்துள் அது தானே தணியும். அதன் பின்னரும் நீடிப்பின் அது நோய். ஓமோன்களின் திடீர் வீழ்ச்சி, உறக்கமின்மை, துணையின்மை முதலியன அதனைத் தூண்டுவன. இது தாயின் குற்றமன்று, பேய்க்கோளாறுமன்று. வளர்முக நாடுகளில் பேறுற்ற தாயருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்க்கு உளநலக் குறைபாடு உண்டென்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உளவள ஆலோசனையும், வேண்டுமிடத்துப் பாலூட்டுந் தாய்க்கு ஏற்ற மருந்தும் இதனைத் தீர்க்கும். தாய் நிலைதடுமாறிப் பேசினும், இல்லாதன கண்டதாகக் கூறினும், தன்னையோ குழந்தையையோ வருத்த எண்ணினும், கணமுந் தாழ்த்தாது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் உதவி கேட்கலாம்.

சில திங்களில் என் மகள் நலம் பெற்றாள். குழந்தையோடு அவள் வாய்விட்டு நகைத்த மாலையில் தொல்காப்பிய உரையை மீண்டும் விரித்தேன். அசைவு என்பதற்குத் தளர்ச்சி என்றும், பண்டைய நிலை கெட்டு வேறாகி வருந்துதல் என்றும் பொருள் கண்டிருந்தனர் உரையாளர். காரணம் ஏட்டில் இருந்தது. என் கண்ணுக்குத்தான் புலப்படவில்லை.

பிள்ளை பெற்ற வீட்டிற்குச் செல்லும் அன்பர்களே, குழந்தையைக் கொஞ்சுமுன் தாயின் நலத்தை வினவுங்கள். அவள் விடை கூறும்வரை அமர்ந்திருங்கள்.