ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க

தாயும் தந்தையும் ஒருங்கே தொழிலுக்குப் புறப்படும் காலம் இது. கந்தோருக்கோ பாடசாலைக்கோ செல்லும் தாய்மார் பலர் விடியுமுன் எழுந்து மதிய உணவையும் ஆக்கி முடிக்கவேண்டியவராய் உள்ளனர். கடலை அடுப்பில் ஏறினால், அது வேகுமளவும் அடுப்படியை விட்டு அகலுதல் அரிது. எரிபொருட் செலவோ தனி. 2022 ஆம் ஆண்டில் எரிவாயுச் சிலிண்டருக்காக நம் மக்கள் வீதியோரங்களில் வரிசையாய் நின்றதை நாம் மறந்துவிடவில்லை. இவ்வாறிருக்க, நேரத்தையும் எரிபொருளையும் மீத்துத் தரவல்ல பிறஷர் குக்கர் சில வீடுகளில் அலுமாரியின் மேற்றட்டில் உறங்குகின்றது. ஏன் என வினவின், ‘வெடித்துவிடுமோ என்ற பயம்’ என்பதே விடை. அச்சத்துக்கு மருந்து அறிவு. ஆதலின் அக்கலம் தொழிற்படும் முறையை முதலில் நோக்குவோம்.

அமுக்கம் செய்யும் வேலை

திறந்த பானையில் நீர் 100 பாகை செல்சியசிற் கொதிக்கும். நெருப்பை எவ்வளவு பெருக்கினும் அந்நீர் அதற்குமேற் சூடேறாது; விரைந்து வற்றுவதே நிகழும். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் குறைவு. அங்கே நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுவதாற் பருப்பு வேக இன்னும் சுணங்கும். குக்கரின் இறுகிய மூடி நீராவியை உள்ளே அடக்குகின்றது. சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கம் மேலதிகமாக ஏறும்போது கொதிநிலை ஏறத்தாழ 121 பாகைக்கு உயரும். அவ்வெப்பத்திற் பல உணவுகள் வழக்கமான நேரத்தின் மூன்றிலொரு பங்கில் வெந்துவிடும்.

இக்கலத்தின் மூதாதையை ஆக்கியவர் டெனிஸ் பப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர். 1679 இல் இலண்டன் றோயல் சங்கத்தாருக்கு அதனைக் காட்டினார். கடினமான எலும்பும் அதனுள்ளே மென்மையாயிற்று. மிகுந்த நீராவி தானே வெளியேறுதற்கான காப்பு வால்வையும் அவரே அமைத்தார். நீராவியின் ஆற்றலை ஆராய்ந்த அவர், 1690 இல் ஆடுதண்டு கொண்ட நீராவி எந்திரத்தின் கருத்தையும் வெளியிட்டார். வைத்தியசாலைகளில் சத்திர சிகிச்சைக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் கலமும் இத்தத்துவத்தைத் தழுவியதே. மாணவர்கள் இதனை மனங்கொள்க: பௌதிகவியற் பாடம் அடுப்படியிலும் நடைபெறுகின்றது.

ஓரடுப்பில் ஒருவேளை உணவு

குக்கரின் அடியில் இரண்டு கோப்பை நீர் விடுக. அதனுள் அடங்கும் பாத்திரங்கள் மூன்றை ஒன்றன்மேலொன்றாக அடுக்குக. கீழே, கழுவிய துவரம்பருப்பும் அதன் இருமடங்குக்குச் சற்று மேற்பட்ட நீரும், சிறிது மஞ்சளும். நடுவே, ஒன்றுக்கு இரண்டாக நீர் விட்ட பச்சையரிசி. மேலே, துண்டுகளாக்கிய பூசணிக்காய் அல்லது கரட். நீராவி சீராக எழுந்தபின் நிறையை வைத்து, முதல் விசில் எழுந்ததும் நெருப்பைக் குறைத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் விடுக. பின்னர்ப் பருப்பை மசித்துத் தாளிதம் செய்துகொண்டால் ஒருவேளை உணவு ஆயத்தம்.

கடலைக் கறிக்கு இரவே கடலையை ஊறவைத்தல் வேண்டும். ஊறிய கடலை மூழ்க நீர் விட்டு, விசில் எழுந்தபின் மெல்லிய நெருப்பில் ஏறத்தாழ கால் மணி நேரம் வைத்தாற் போதும். பழப்புளியைத் தொடக்கத்திற் சேர்க்கலாகாது. புளிப்பு கடலையை மெத்தென்று வேகவிடாது. வெந்தபின் வெங்காயம், கறிவேப்பிலை, கறித்தூள் சேர்த்து, தேங்காய்ப்பாலை இறுதியில் விடுக.

விசில் ஊதுந்தோறும் சமையல் விரைகின்றதெனப் பலர் மகிழ்வர். உண்மை வேறு. வேண்டிய அமுக்கம் நிறைந்துவிட்டது, இனி நெருப்பைத் தணிக்க என்பதே அவ்வொலியின் பொருள். பெருநெருப்பிலே பத்து முறை விசில் ஊதவிடுவோர் தம் காசையே ஆவியாக்குகின்றனர்.

எல்லாம் இதற்கு ஏற்றனவல்ல. மரவள்ளிக் கிழங்கை மூடாது அவிக்கவேண்டுமென நம் பாட்டிமார் கூறுவர். அதிலுள்ள நச்சுப்பொருள் ஆவியாக வெளியேறுதற்கு அதுவே தக்க வழி. கூழ் போன்ற தடித்த உணவுகள் ஆவித்துளையை அடைத்துவிடும். தைப்பொங்கலுக்கோ பானையிற் பால் பொங்கி வழிதலே மங்கலம். அங்கே மூடிக்கு வேலையில்லை.

கவனிக்கவேண்டியவை

மூடுமுன் ஆவித்துளையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அடைப்பின்மையை உறுதி செய்க. இறப்பர் வளையம் வெடித்தோ தளர்ந்தோ போயின் உடனே மாற்றுக. காப்பு வால்வு பழுதாயின் அதே வகையான புதியதைப் பொருத்துக. கம்பியோ ஆணியோ கொண்டு அதனை அடைப்பது பேராபத்து. உணவை நேரே இட்டுச் சமைப்பின், கலத்தின் மூன்றில் இரு பங்குக்கு மேல் நிரப்பலாகாது. பருப்பு, கடலை போன்று நுரைப்பன அரைப் பங்கோடு நிற்க. நீரின்றி ஒருபோதும் அடுப்பேற்றற்க.

எல்லாவற்றிலும் முதன்மையானது ஒன்றுண்டு. ‘ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவேண்டாமா?’ என்பது நம் முதுமொழி. அமுக்கம் முற்றாகத் தணியுமுன் மூடியை வலிந்து திறப்பதே பெருந்தீங்குக்கு வழி. இறக்கிவைத்துப் பத்து நிமிடம் காத்திருப்பின் மூடி தானே இலகுவிற் கழன்றுவரும்.

இவற்றை இல்லத்தரசி மட்டும் அறிந்தாற் போதாது. மகளுக்கும் மகனுக்கும் ஒருசேரக் கற்பிக்க. கற்ற பிள்ளை அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் நாளில், விடியுமுன் எழும் தாய்க்கு இன்னும் அரைமணி உறக்கம் கிட்டும். குக்கர் மீத்துத் தரும் செல்வங்களுள் அதனினும் பெரியது வேறில்லை.