கடலடி மதில்

மதுராந்தகத்தினின்றும் கடல் மிகத் தொலைவிலுள்ளதன்று. ஏரி நீரில் நீந்திப் பழகிய யாம், விடுமுறை நாட்களில் மாமல்லபுரஞ் சென்று கரைக்கோயிலருகே நின்று அலைகளை நோக்குதல் வழக்கம். அங்ஙனம் நின்ற ஒரு நாளில், வலை காயவைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "கோயில் ஏழு, தம்பிகளே, ஆறு கடலுக்குள்ளே போயிற்று" என்றார். யாம் நகைத்தோம். அந்நகை தகுமோ என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இக்கதை புதிதன்று. வில்லியம் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1772 இலும் 1776 இலும் இவ்வூரைக் கண்டார். அவர் எழுதிய கட்டுரை 1788 இல் அச்சேறியது. செப்புத் தகடு வேய்ந்த கோபுர முடிகள் கடலுள் தோன்றக் கண்டதாக ஊர் முதியோர் கூறியதனை அவர் அதில் குறித்துள்ளார். எனினும், கேட்டதை எழுதுதல் வேறு. கண்டு துணிதல் வேறு. காண்பதற்கு நீருள் இறங்குதல் வேண்டும்.

நம் முத்துக்குளிப்போர் கல்லைப் பற்றிக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கி, அம்மூச்சு முடியுமுன் மீண்டு வந்தனர். ஆய்வு செய்தற்கு அச்சிறு பொழுது போதாது. 1943 இல் பிரான்சு நாட்டினரான கூஸ்டோ, காக்நான் என்னும் இருவர் இக்குறையை நீக்கினர். ஸ்கூபா எனப்படும் இம்முறையில், மூழ்குவோர் அழுத்தி அடைத்த காற்றுக் கலத்தை முதுகிற் சுமப்பர். வாயிற் கவ்விய கருவி, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஒப்பவே காற்றை அளிக்கும். ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் மிகும். ஆதலின், எட்டு மீட்டர் ஆழத்தில் நெஞ்சு நிறைய வாங்கிய காற்று மேற்பரப்பில் ஏறக்குறைய 1.8 மடங்காய் விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறுவோனுடைய நுரையீரல் கிழியும். மேலும், ஆழத்தில் நெடும்பொழுது தங்கினோர் விரைந்து மேலேறின், குருதியிற் கரைந்த நைட்ரஜன், திறந்த சோடாப் புட்டியிற் போலக் குமிழாய் எழும். ஆகவே, 'மூச்சை அடக்காதே. மெல்ல ஏறு' என்பனவே இக்கலையின் முதல் விதிகள்.

மத்தியதரைக் கடலில் இங்ஙனம் இறங்குவோர், செங்குத்தான பாறைச் சுவர்களில் நிழல் மிக்க இடந்தேடிச் செம்பவளம் வளர்ந்திருத்தலைக் காண்பர். பண்டு மேற்றிசைக் கப்பல்கள் நம் நாட்டிற்குக் கொணர்ந்த பவளம் அதுவே. நம் கடலிற் பவளத் திட்டுகளைக் காணவேண்டின் மன்னார் வளைகுடாவிற்குச் செல்லவேண்டும். மாமல்லைக் கடலோ அலைமோதிக் கலங்குவது. ஆங்கு நெடுந்தொலைவு காணல் அரிது. ஆயினும், அக்கலங்கல் நீருள் இயற்கை வகுத்த சுவரன்று, மனிதர் வகுத்த சுவரே காத்திருந்தது.

2002 ஏப்பிரலில், கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தாரும் இங்கிலாந்திலிருந்து வந்த குழுவினரும் மீனவர் சொற்களைத் துணையாகக் கொண்டு மூழ்கினர். கரைக்கோயிலிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், சுவர்ப் பகுதிகளும், செதுக்கிய கற்களும், மேடைக்கு ஏறும் படிகளும் தென்பட்டன. கடலுயிர்கள் அவற்றைத் தடிப்பாய் மூடியிருந்தன. பின்னர், 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்தபோது, கடல் பின்வாங்கிய வேளையிற் கல் வரிசைகளைக் கரையிலிருந்தோர் கண்டனர். அவ்வலை சாளுவன்குப்பத்தில் வெளிப்படுத்திய கல்வெட்டின் வழியே பழைய முருகன் கோயிலொன்றும் அகழ்ந்தெடுக்கப்பட்டது.

இவற்றால் ஏழு கோயில் என்னும் எண் நிலைபெற்றதோ எனின், இல்லை. நீருள் உள்ளவை பல்லவர் காலத்தனவாகலாம் எனவும், கடலரிப்பால் மூழ்கியிருக்கலாம் எனவும் ஆய்வாளர் கருதினர். கதை முழுதும் மெய்யாயிற்று என்று ஆர்ப்பரித்தலும் பிழை. முழுதும் பொய்யென்று தள்ளுதலும் பிழை.

யாம் நூல் பயின்று நகைத்தோம். அம்முதியவரோ கடல் பயின்று பேசினார். அடுத்த விடுமுறையில் அவரைக் கண்டு, எங்கே வலை சிக்கும், எங்கே நங்கூரம் பற்றும் என்று கேட்டறிதல் எம் கடனாம்.