மறைந்திருந்த துரு

இத்தாலியின் வடமேற்குக் கரையிலே, மலைக்கும் கடலுக்கும் இடையில் நெருங்கிக் கிடக்கும் துறைமுக நகரம் ஜெனோவா. அதன் மேற்குப் பகுதியை ஊடறுத்துப் பொல்செவேரா ஆறு கடலை அடைகின்றது. இருகரையிலும் தொழிற்சாலைகள், இருப்புப்பாதைகள், மாடி வீடுகள். இத்தனைக்கும் மேலாக, ஏறக்குறைய 45 மீற்றர் உயரத்தில், 1,182 மீற்றர் நீளமான நெடுஞ்சாலைப் பாலமொன்று 1967 ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. அதனை வகுத்தவர் றிக்கார்டோ மொராண்டி என்னும் பொறியியலாளர்.

அப்பாலத்தின் புதுமையை விளங்கிக்கொள்ள வகுப்பறை வெண்கட்டி ஒன்றே போதும். இரு முனைகளிலும் வைத்து அமுக்கினால் அது தாங்கும். வளைத்தால் உடனே முறிந்துவிடும். கொங்கிறீற்றும் அத்தகையதே. இழுவையைத் தாங்க உருக்கு வேண்டும். பாலத்தளத்தைத் தாங்கும் உருக்கு வடங்களைப் பிறர் வெளியே தெரியவிட, மொராண்டியோ அவற்றைக் கொங்கிறீற்றினுள்ளே பொதிந்தார். துரு அணுகாதென்பது எண்ணம். ஒவ்வொரு கோபுரத்துக்கும் நான்கே தாங்கிகள். ஒன்று அறுந்தால் அதன் பாரத்தை ஏற்க வேறொன்றில்லை.

கடற்காற்றின் உப்பும் ஆலைப்புகையும் மெல்ல மெல்ல உட்புகுந்தன. எதிர்பார்த்ததிலும் விரைவாகப் பாலம் நலிகின்றதென 1979 இல் மொராண்டியே எச்சரித்தார். ஆனால், காப்பதற்கென இட்ட போர்வையே உள்ளிருந்த நோயைக் கண்ணுக்கு மறைத்துவிட்டது! 1990களில் ஒரு கோபுரத்தின் தாங்கிகளுக்கு வெளியே புதிய வடங்கள் பூட்டினர். ஒன்பதாம் எண் கோபுரத்துக்கு அப்பேறு கிட்டவில்லை. அதற்கான திட்டமும் தயாராகியே இருந்தது, வேலைதான் தொடங்கவில்லை.

2018 ஆகஸ்ட் 14, முற்பகல் 11.36. கொட்டும் மழை. அக்கோபுரம், தான் தாங்கிய 200 மீற்றருக்கு மேற்பட்ட சாலையுடன் சரிந்தது. 43 பேர் மாண்டனர். முறிந்த விளிம்புக்குச் சற்று முன்னே ஒரு பச்சை லொறி நின்றுவிட்டது. அதன் சாரதி தப்பினார்.

பாலத்தின் மீது சென்றோரைப் பற்றியே உலகம் பேசிற்று. பாலத்தின் அடியிலே குடியிருந்தோரை நாம் மறக்கலாமா? ஐந்நூறுக்கு மேற்பட்டோர் உடுத்த உடையுடன் வெளியேறினர். பின்னர், உடைமைகளை எடுத்துவரச் சில மணி நேரமே அனுமதி கிடைத்தது. ஆயுட்காலச் சேமிப்பில் எதை எடுப்பது, எதை விடுவது? எஞ்சிய கோபுரங்களை 2019 ஜூன் 28 இல் வெடிவைத்துத் தகர்த்தனர், அவ்வீடுகளும் இடிக்கப்பட்டன.

ஜெனோவாவிற் பிறந்த கட்டடக்கலைஞர் றென்ஸோ பியானோ வகுத்த புதுப்பாலம் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதன் அடிப்புறத்தை ஊர்ந்து சென்று பரிசோதிக்கவென இயந்திரமனிதர்களை அமைத்திருக்கின்றனர். கீழே, ஆற்றங்கரையில், 43 மரங்களை நட்டிருக்கின்றனர். ஒவ்வொன்றும் வெவ்வேறு இனம்.