கால் வலியோட ஓடலாமா? ஓடுறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய பாதத்தின் கதை

காவலர் தேர்வு அறிவிப்பு வந்தால் போதும். ஊர்ப் பள்ளி மைதானத்திலும் புறவழிச் சாலை ஓரத்திலும் விடியற்காலையிலேயே இளைஞர்கள் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டாம் நிலைக் காவலர் உடல்திறன் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியிலும் ஓடி முடிக்க வேண்டும். அதுவரை ஓடிப் பழகாதவர்கள்கூட ஒரே மாதத்தில் தயாராகிவிடணும் என்று காலை, மாலை ரெண்டு வேளையும் ஓடுகிறார்கள். மூன்றாவது வாரம் பாதத்தில் ஒரு வலி தலைகாட்டும். "சும்மா சுளுக்குதான், ஓட ஓட சரியாயிடும்" என்று பக்கத்தில் ஓடுபவர் சொல்வார்.

சில வலிகள் நிஜமாகவே ரெண்டு நாளில் போய்விடும். வேறு சில வலிகளோடு தொடர்ந்து ஓடினால், சில வாரம் ஓய்வெடுத்தால் ஆறியிருக்க வேண்டிய எலும்பு முழுசாக முறிந்து, பல மாதங்கள் வீட்டில் உட்கார வைத்துவிடும். அந்த முறை தேர்வும் கைவிட்டுப் போகும். எந்த வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு உடனே நிறுத்தணும்? அதைத் தெரிஞ்சுக்க முதலில் பாதத்தின் அமைப்பைப் பார்ப்போம்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள்

வளர்ந்த மனிதரின் உடம்பில் 206 எலும்புகள். அதில் ரெண்டு பாதங்களில் மட்டும் 52, அதாவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. ஒரு பாதத்தைப் பின்பக்கம், நடுப்பக்கம், முன்பக்கம் என மூன்றாகப் பிரிக்கலாம். பின்பக்கமும் நடுப்பக்கமும் சேர்த்து 7 எலும்புகள். இதில் குதிகால் எலும்புதான் பெரியது. முன்பக்கத்தில் 5 நீள எலும்புகள் விரல்களை நோக்கிப் போகின்றன. அதற்கப்புறம் 14 விரல் எலும்புகள்: கட்டை விரலுக்கு 2, மற்ற நான்கு விரல்களுக்கும் மும்மூன்று.

இந்த எலும்புகளை ஒன்றோடு ஒன்று கட்டி வைத்திருப்பவை ஜவ்வுகள். ஒரு பாதத்தில் இவையும் தசைகளும் தசைநாண்களும் சேர்ந்து நூற்றுக்கும் மேலே. ஈரக்காலோடு சிமெண்ட் தரையில் நடந்து பாருங்க. பெரும்பாலானவர்களுக்கு உள்பக்கம் பதியாமல் ஒரு வளைவு தெரியும். அதுதான் பாத வளைவு. குதிகாலில் தொடங்கி விரல்கள் வரை ஓடும் ஒரு தடித்த பட்டை, வில்லில் நாண் மாதிரி இந்த வளைவைத் தாங்குகிறது. குதிகாலுக்குப் பின்னால் கயிறு மாதிரி கைக்குத் தட்டுப்படுவது குதிகால் நாண். கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் இதுதான் உடம்பிலேயே மிகத் தடிமனான தசைநாண்.

ஓடும்போது ஒவ்வொரு முறை கால் தரையில் படும்போதும் உடல் எடையைப் போல் ரெண்டு முதல் மூன்று மடங்கு விசை பாதத்தில் இறங்குகிறது. 60 கிலோ எடை உள்ளவருக்கு இது 120 முதல் 180 கிலோ. 1500 மீட்டர் ஓடி முடிப்பதற்குள் ஒவ்வொரு காலும் பல நூறு முறை இந்தச் சுமையை வாங்கும். பழகிய எலும்பு தாங்கும். பழக நேரம் கொடுக்காத எலும்புதான் மாட்டிக்கொள்ளும்.

வலி எங்கே இருக்கு?

கணுக்காலின் வெளிப்பக்கம்: மேடு பள்ளமான மைதானத்திலும் கபடி, கைப்பந்து விளையாட்டிலும் பாதம் உள்நோக்கி மடங்கி கால் பிசகிவிடும். வெளிப்பக்க ஜவ்வு இழுபட்டோ கிழிந்தோ வீக்கம் வரும். இதுதான் நாம் சுளுக்கு என்று சொல்வது. விளையாட்டுக் காயங்களில் மிகவும் சாதாரணமாக வருவதும் இதுதான்.

குதிகாலின் அடிப்பக்கம்: காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் ஊசி குத்துவது மாதிரி வலி, கொஞ்சம் நடந்தால் குறையும். இது உள்ளங்கால் பட்டையில் வரும் பிரச்சினை. கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் தினமும் நீட்டி மடக்கும் பயிற்சி, மெத்தென்ற அடிப்பாகம் உள்ள ஷூ ஆகியவற்றால் பெரும்பாலும் குணமாகும். ஆனால் சில மாதங்கள் பொறுமை வேணும்.

குதிகாலின் பின்பக்கம்: ஓட ஆரம்பிக்கும்போது விறைப்பும் வலியும் இருந்தால் குதிகால் நாண் சோர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஓடும்போது திடீரென்று பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்து, அதற்கப்புறம் நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்க. 8 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குக் குதிகால் வலித்தால் அது பெரும்பாலும் எலும்பின் வளரும் பகுதியில் வரும் அழற்சி. விளையாட்டைக் கொஞ்ச நாள் குறைத்தால் சரியாகும்.

முன்பாதத்தின் மேல்பக்கம்: தேர்வுக்கு ஓடுகிறவர்கள் ரொம்பக் கவனிக்க வேண்டிய இடம் இது. நீள எலும்புகளில், முக்கியமாக ரெண்டாவது, மூன்றாவது எலும்புகளில், மயிரிழை போன்ற விரிசல் விழும். விழுந்து அடிபட்டிருக்கவே வேண்டாம். ஓய்வில்லாத ஓட்டமே போதும். 1855-ஆம் ஆண்டிலேயே பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த வீரர்களின் பாதத்தில் வரும் இந்த வலியையும் வீக்கத்தையும் பதிவு செய்தார். அதனால் இதற்கு 'மார்ச் ஃபிராக்சர்' என்றே பெயர் வந்தது.

எப்படிக் கண்டுபிடிப்பது? வலி பாதம் முழுக்கப் பரவி இருக்காது. ஒரு விரலால் அழுத்தினால் எலும்பில் சரியாக ஒரே இடத்தில் வலிக்கும். முதலில் ஓடும்போது மட்டும், அப்புறம் நடக்கும்போது, கடைசியில் படுத்திருக்கும்போதும் வலிக்கும். இன்னொரு விஷயம்: முதல் ரெண்டு, மூன்று வாரங்களில் எடுக்கும் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் தெரியாமலே போகலாம். "எக்ஸ்ரே நார்மல்னு சொல்லிட்டாங்க" என்று மறுபடி ஓட ஆரம்பிக்காதீங்க. வலி தொடர்ந்தால் திரும்பவும் மருத்துவரைப் பாருங்க. நேரத்தோடு நிறுத்தினால் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வார ஓய்வில் எலும்பு கூடிவிடும்.

சுளுக்கா, முறிவா?

கனடாவில் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் இதற்கு எளிய விதிகளை வகுத்தார்கள். இன்று உலகம் முழுக்க அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். கால் பிசகிய பிறகு இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே அவசியம்.

1. நொண்டியாவது நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை.
2. கணுக்காலின் ரெண்டு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலிக்கிறது.
3. பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே மேடாக இருக்கும் எலும்பிலோ, உள்பக்கம் வளைவின் உச்சியில் உள்ள எலும்பிலோ அழுத்தினால் வலிக்கிறது.

முதல் ரெண்டு நாள் என்ன செய்யலாம்?

ஓட்டத்தை நிறுத்துங்க. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்க, ஒரு நாளைக்கு நாலைந்து முறை. ஐஸை நேரடியாகத் தோலில் வைக்க வேண்டாம். கிரேப் பேண்டேஜ் சுற்றி, படுக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்க. விரல்கள் மரத்தாலோ நீலமானாலோ கட்டு இறுக்கமாக இருக்கிறது. உடனே தளர்த்துங்க.

வீங்கிய காலுக்குச் சூடான எண்ணெய் போட்டு உருவுவது, சுளுக்கு எடுக்கிறேன் என்று இழுப்பது, ஒத்தடம் கொடுப்பது எதுவும் இந்த ரெண்டு நாளில் வேண்டாம். வீக்கம் கூடும், முறிவு இருந்தால் எலும்பு விலகிவிடும். அதைவிட ஆபத்து, வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது. வலிதான் எலும்பு தரும் எச்சரிக்கை. மாத்திரை எச்சரிக்கையை மட்டும்தான் நிறுத்தும், விரிசலை நிறுத்தாது.

வராமல் தடுக்க

ஓடும் தூரத்தை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டணும். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேணும். தார்ச் சாலையைவிட மண் மைதானம் நல்லது. ஷூவை மாலை நேரத்தில் வாங்குங்க, அப்போது பாதம் சற்று வீங்கி இருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்கணும். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஹெப்டத்லான் தங்கம் வென்ற ஸ்வப்னா பர்மனுக்கு ஒவ்வொரு பாதத்திலும் ஆறு விரல்கள். சாதாரண ஷூ பொருந்தாமல் அவர் பட்ட வேதனை ஊரறிந்தது. பாதத்துக்குத்தான் ஷூ, ஷூவுக்காகப் பாதம் இல்லை.

கேழ்வரகு, பால், முருங்கைக்கீரை மாதிரி கால்சியம் உள்ள உணவு எலும்புக்குப் பலம். பயிற்சி எடுக்கும் பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப் போனால் அதைச் சாதாரணமாக விடாதீங்க. உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாமல் எலும்பு வலுவிழப்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலில் ஓட வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் புண் வந்தாலும் தெரியாது என்பதால் தினமும் உள்ளங்காலைப் பார்க்கணும்.

எங்கே போகலாம்?

சாதாரண வீக்கத்துக்கு முதலில் அருகில் உள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். எக்ஸ்ரே தேவைப்பட்டால் வட்ட அரசு மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே எலும்பு முறிவு சிகிச்சைப் பிரிவும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. அறுவை சிகிச்சை தேவை என்று சொன்னால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருப்பவர்கள் கையோடு எடுத்துட்டுப் போங்க. எந்த மருத்துவரைப் பார்ப்பது என்று குழப்பமாக இருந்தால் 104-க்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். கால் கோணிப் போயிருந்தால், எலும்பு வெளியே தெரிந்தால், பாதம் சில்லிட்டு நிறம் மாறினால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்க.

ஓடும்போது வந்த வலி ஒரு வாரம் ஓய்வெடுத்தும் போகவில்லை என்றால் மறுபடி மைதானத்துக்குப் போகாதீங்க, மருத்துவமனைக்குப் போங்க. தேர்வுக்கு ரெண்டு மாதம் இருக்கும்போதே காட்டினால் ஆறிய காலோடு ஓட வாய்ப்பு இருக்கிறது. தேர்வுக்கு முந்தின நாள் காட்டினால், மருத்துவரால் மாவுக்கட்டு மட்டும்தான் போட முடியும்.